நான் ஏற்காத அடித்தூண்

எங்கள் சுரங்க நகரியத்தில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். எந்த பிளாக்? பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா? முதல் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் இருந்தது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. அந்த வேலையோடு வந்த குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் தெருவில் யாருக்கும் பிடிக்கவில்லை. சிவில் படித்து, மேற்படிப்பில் பாலக் கட்டமைப்பு படித்து, கடைசியில் பெண்ணையாற்றில் கட்டிக்கொண்டிருந்த நெடுஞ்சாலைப் பாலத்தில் கான்ட்ராக்ட் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன்.

“பாலம் முடிஞ்சா என்ன பண்ணுவ?” என்பார் அப்பா.

“அடுத்த பாலம்.”

“ரெண்டுக்கும் நடுவுல?”

“நடுவுல எங்கப்பா வீடு.”

அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். நகரியத்தில் பர்மனன்ட் என்பது வேலை மட்டுமில்லை; கூரை, மருத்துவமனை, கல்யாணப் பேச்சு எல்லாம் அதற்குள் அடக்கம். அப்பாவின் குடும்பத்தில் அதற்கு முந்திய தலைமுறை வரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள், கரும்பு வெட்டியவர்கள். அந்த வார்த்தையை அவர் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் சுரங்க வேலைக்கு விண்ணப்பம் போடவில்லை.

பாலம் மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டி, ஆற்றின் இரு கரையையும் சேர்ப்பதாக இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு தரைப்பாலம் உண்டு. ஆற்றில் மணல் தெரியும் மாதங்களில் அது பாலம். தண்ணீர் வரும் மாதங்களில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. என் அத்தை, அப்பாவின் தங்கை, வடகரையில் குடியிருக்கிறார். தென்கரைப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்கிறார். தண்ணீர் வந்தால் கடலூர் போய்ச் சுற்றித்தான் வேலைக்கு வர வேண்டும். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் வீட்டில் முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டது அத்தைதான். “எனக்காகத்தான் கட்றா” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

பாலத்தைக் கட்டியது ஒரு ஒப்பந்த நிறுவனம். நான் இருந்தது அந்த வேலையை மேற்பார்வை செய்யும் வேறொரு நிறுவனத்தில். அவர்கள் கட்டுவார்கள், நாங்கள் பார்ப்போம். நாங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். ஆற்றுக்குள் வரும் தூண்களின் அடித்தளம் என் பொறுப்பு.

கரையில் நின்று பார்ப்பவர்களுக்குத் தண்ணீருக்கு மேலே தெரியும் தூண்தான் பாலம். அந்தத் தூணைத் தாங்குபவை ஆற்றுமணலுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் அடித்தூண்கள். ஒரு தூணுக்கு நான்கு. நான்கின் தலையையும் சேர்த்து ஒரு கான்கிரீட் மேடை. அந்த மேடைமேல் தூண். அடித்தூணை வார்ப்பதற்கு முதலில் ஆற்றின் நடுவே மணலைக் கொட்டி ஒரு திட்டு அமைத்து, அதில் எந்திரத்தை நிறுத்தித் துளை போடுவார்கள். துளை சரியாமல் இருக்க உள்ளே குழம்புபோல் களிமண் கரைசல் நிரம்பியிருக்கும். கம்பிக்கூட்டை இறக்கி, துளையின் அடிவரைக்கும் ஒரு நீண்ட குழாயை விட்டு, அதன் வழியாகக் கான்கிரீட்டை ஊற்றுவார்கள். கான்கிரீட் கீழிருந்து மேலேறும். கரைசலை மேலே தள்ளிக்கொண்டே வரும். அது எவ்வளவு ஏறியது என்று நான் அளந்து சொல்லச் சொல்ல, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, மேல்துண்டுகளைக் கழற்ற வேண்டும்.

இதில் ஒரே ஒரு விதிதான். குழாயின் நுனி எப்போதும் புதுக் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். நுனி வெளியே வந்துவிட்டால் கரைசலும் சேறும் நடுவில் புகுந்துவிடும். மேலேயும் கீழேயும் கல்லாக இருக்கும்; நடுவில் ஒரு அடுக்கு சேறு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இப்போது மதியம் இரண்டு மணிக்கு நடக்கும் ஆள் மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

குழாய் இறக்கும் கோஷ்டியில் இருந்தவர்கள் பெரும்பாலும் நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். முன்பு சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். ஒப்பந்த நிறுவனம் அவர்களுக்கு விட்ட பஸ்ஸும் சுரங்க ஷிப்ட் நேரத்துக்கே ஓடியது. ஆற்றுக்குள் வேலை, ஆனால் கடிகாரம் சுரங்கத்தினுடையது. மதியம் இரண்டு மணிக்கு ஆள் மாறும். கான்கிரீட் பாதியில் நின்றாலும் மாறும். இது சரியில்லை என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். தளமேலாளர், அதாவது ஒப்பந்த நிறுவனத்தின் ஆற்றுவேலை முழுவதையும் பார்த்தவர், “பஸ் டைமிங்கை மாத்துனா பாதிப் பேர் வர மாட்டான் மேடம்” என்று முடித்துவிட்டார்.

சுரங்கத்தில் நல்ல தொழிலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடியும்போது, அடுத்து வருகிறவருக்கு, அவரை ரிலீவர் என்பார்கள், எந்த வேலையையும் பாக்கி வைக்கக்கூடாது. கன்வேயருக்கு அடியில் சிந்திய கரியை அள்ளிப் போட்டுவிட்டு, எண்ணெய் விட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வருகிறவர் வந்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கிற மாதிரி ஒப்படைக்க வேண்டும். அப்பா அதை ஒரு மதமாகவே வைத்திருந்தவர்.

ஒரு நாள் இரண்டு மணி நெருங்கும் நேரம், ஆற்றின் ஆழமான பகுதியில் வரும் தூணுக்குக் கடைசி அடித்தூணை வார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வந்த கான்கிரீட் வண்டியின் பதத்தைச் சோதிக்கப் போயிருந்தேன். அளந்து முடித்துத் திரும்பும்போது, குழாயின் வாயிலிருந்த கூம்பில் தளும்பிக்கொண்டிருந்த கான்கிரீட் சட்டென்று உள்ளே இறங்கி மறைந்தது. துளையின் ஓரத்தில் கரைசல் குபுகுபுவென்று கொப்புளித்தது. கழற்றிய துண்டுகளை அடுக்கியிருந்த இடத்தைப் பார்த்தேன். நான் சொன்னதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. குழாயை அந்த அளவு உயர்த்தியதில் நுனி கான்கிரீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது.

“இதை யாரு கழட்டுனது?”

கோஷ்டி மேஸ்திரி சட்டை மாற்றிக்கொண்டு, கையில் டிபன் கேரியரோடு நின்றார். “நான்தாங்க மேடம். ரிலீவர் வந்தொடனே ஸ்பானரத் தூக்கிக்கினு நிக்க வேணாம்னு, அடுத்தத நானே கழட்டி வெச்சிட்டேன்.”

“நான் அளந்து சொல்றதுக்கு முன்னாடியேவா அண்ணே?”

“இன்னும் ஒரு வண்டி ஊத்துனா கழட்டத்தானங்க போறோம்?”

அவர் முகத்தில் ஒரு திருப்தி. வருகிறவனுக்கு வேலை மிச்சம் வைக்காமல் போகிற திருப்தி. அதை நான் அப்பாவின் முகத்தில் எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறேன்.

தளமேலாளர் ஓடி வந்தார். கழற்றிய துண்டை மறுபடி மாட்டி, குழாயைக் கீழே இறக்கி, ஊற்றுவதைத் தொடரச் சொன்னார். அந்த நேரத்தில் அதுதான் சரி. பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அதை நான் தடுக்கவில்லை. வார்த்து முடித்தபின் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: “இந்த அடித்தூணை நான் ஏத்துக்க மாட்டேன்.”

அடுத்த வாரம் கான்கிரீட் இறுகியதும் அதன் தலையில் சுத்தியலால் தட்டி, திரும்பி வரும் அதிர்வைக் கருவியில் பதிவு செய்தார்கள். கருவி வரைந்த கோட்டில் ஒரு மேடு தெரிந்தது. அது சேறாகவும் இருக்கலாம், அந்த ஆழத்தில் துளை கொஞ்சம் அகன்றதாகவும் இருக்கலாம். தளமேலாளருக்கு அது அகன்ற துளை. எனக்குச் சேறு.

“மேடம், நீங்க படிச்சவங்க. இதைப் பாத்தா பெயில்னு சொல்ல முடியுமா?”

“பாஸ்னும் சொல்ல முடியாது சார். மூணு விஷயம். ஒண்ணு, குழாய் வெளிய வந்ததை நான் கண்ணால பாத்தேன். ரெண்டு, மேடு தெரியறதும் அதே ஆழம். மூணு, ஆத்துல ஆழமான இடம் இதுதான், வெள்ளம் மணலை அரிக்கறதும் இங்கதான். கோர் எடுக்கணும்.”

கோர் என்றால் அடித்தூணின் தலையிலிருந்து உள்ளே துளையிட்டு, ஆழம் வரை கான்கிரீட்டை உருளை உருளையாக வெளியே எடுத்துப் பார்ப்பது. நாள் பிடிக்கும் வேலை.

“புரட்டாசி முடியப் போவுது. ஐப்பசில மழை பிடிச்சுதுன்னா என் மணல்திட்டு ஆத்தோட போயிடும். அப்புறம் அடுத்த கோடைக்குத்தான் இறங்க முடியும். உங்களுக்கு இது ஒரு அடித்தூண். எனக்கு ஒரு வருஷம்.”

அவர் சொன்னது உண்மை. அவர் கெட்டவரும் இல்லை. வெயிலில் எனக்காக ஒரு குடை நட்டுவைக்கச் சொன்னவர். ஆனால் மழை வரப்போகிறது என்பதற்காகச் சேறு கான்கிரீட் ஆகிவிடாது.

“ஒண்ணு செய்யலாம்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “மேஸ்திரியை வேலையை விட்டு அனுப்பிடறேன். தப்பு பண்ணவன் மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னு ஆயிடும். நீங்களும் விட்டுடுங்க.”

“அவரை அனுப்பிட்டா அடித்தூண் சரியாயிடுமா சார்?”

அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சாப்பாட்டில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பர்மனன்ட் ஆளே இப்பிடி வாயத் தொறக்க மாட்டான். நீ கான்ட்ராக்ட்.”

“அதனாலதாம்பா பேச முடியுது. என்கிட்ட இருந்து புடுங்க குவார்ட்டர்ஸ் கூட இல்ல.”

“வாயப் பாரு இவளுக்கு,” என்றாள் அம்மா. ஆனால் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது.

அப்பாவை உறுத்தியது அது மட்டுமில்லை. “அந்த மேஸ்திரி என்ன தப்புப் பண்ணான்? ரிலீவருக்கு வேலை வெக்காமப் போனான். சர்வீஸ் பூரா நான் அப்பிடித்தான் இருந்தேன். அது தப்பா?”

“கன்வேயர்ல அது மரியாதைப்பா. ஆத்துல அது ஓட்டை.”

அப்பா கை கழுவ எழுந்து போனார். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து, கான்கிரீட் பாதியில் இருக்கும்போது ஏன் ஆள் மாற்றினார்கள் என்று மட்டும் கேட்டார். பஸ் நேரம் என்றேன். “அப்ப அதச் சொல்லு மொதல்ல,” என்றார்.

மறுநாள் சென்னையிலிருந்த எங்கள் தலைமைப் பொறியாளருக்குப் போன் செய்தேன். கோர் எடுக்கச் சொல்லும் அதிகாரம் அவரிடம்தான் இருந்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“எடுத்துப் பாத்து கோர் நல்லா வந்துச்சுன்னா, போன நாள் எல்லாம் உன் தலையிலதான் விழும். உன் கான்ட்ராக்டை நீட்டிக்க என்னாலயும் பேச முடியாது. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அப்பவும் எடுக்கச் சொல்றியா?”

“எடுக்கச் சொல்றேன் சார்.”

துளையிடும் கருவி வந்து இறங்கியது. மேலிருந்து வந்த உருளைகள் சாம்பல் நிறத்தில், வழவழவென்று, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. மரப்பெட்டியில் வரிசையாக அடுக்க அடுக்க, தளமேலாளர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து என்னிடம் காட்டினார். “அழகா இருக்குல்ல மேடம்?” மறுபடி ஒன்று. “இதுவும் அழகா இருக்குல்ல?” கோஷ்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு உருளையின் ஆழத்தையும் குறித்துக்கொண்டே இருந்தேன். குழாய் வெளியே வந்ததைப் பார்த்தது என் கண். அந்த உருளைகளுக்காக அதை மறுக்க நான் தயாராக இல்லை.

பிறகு கருவியின் சத்தம் மாறியது. எதிர்ப்பே இல்லாததுபோலத் துளைகம்பி சரேலென்று கீழே போனது. மேலே திரும்பி வந்த தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. உருளை எடுக்கும் குழாயை வெளியே எடுத்துத் தட்டியபோது பெட்டியில் விழுந்தது ஒரு பிடி ஜல்லி, சேறு ஒட்டிய வெறும் ஜல்லி. யாரும் சிரிக்கவில்லை. தளமேலாளர் அதில் ஒரு கல்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

“சொல்லுங்க மேடம்,” என்றார். “என்ன பண்ணலாம்?”

என்ன பண்ணலாம் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கெட்டுப்போன அடித்தூணைத் தோண்டி எடுக்க முடியாது. அதை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டு, அதற்கு இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு புதிய அடித்தூண்கள். அவற்றையும் சேர்த்து மேடையை நீட்டி, எடை ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்மா காய் நறுக்க இடம் கேட்டு என் காகிதங்களை நகர்த்திக்கொண்டே இருந்தாள். பாலத்தை வடிவமைத்த அலுவலகத்துக்கு அதை அனுப்பினோம். மேடையில் கம்பியைக் கூட்டச் சொன்னார்கள். அடித்தூண்களின் இடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நான் வரைந்த கோடு ஒன்று முதன்முதலாக ஆற்றுக்குள் இறங்கப்போனது.

ஆனால் ஒப்புதல் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் வந்து பார்த்தபோது மணல்திட்டு இல்லை. இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி என் அலுவலக அறை வாசலில் வந்து நின்றது அந்த நாட்களில்தான். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. “எல்லாம் என்னாலதானங்க மேடம்?”

இல்லை என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். அது பொய். “கழட்டுனது நீங்கதான் அண்ணே. ஆனா ரெண்டு மணிக்கு பஸ்ஸ விட்டது நீங்க இல்ல.”

அவர் தலையாட்டினார். நான் அனுப்பிய பரிந்துரையில் முதல் வரியே அதுதான்: கான்கிரீட் ஊற்றும் நாளில் ஆரம்பித்த கோஷ்டியே முடிக்க வேண்டும், அவர்களுக்குத் தனி வண்டி. இந்த முறை தளமேலாளர் மறுக்கவில்லை. மேஸ்திரியையும் அனுப்பவில்லை. இந்தக் கோடையில் அந்த இரண்டு புதிய அடித்தூண்களையும் வார்த்தது அவர் கோஷ்டிதான். அவற்றிலும் கோர் எடுக்கச் சொன்னேன். அடி வரைக்கும் கல். இப்போது மேடையும் முடிந்து, தூண் எழும்பிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அதற்கு முன் அந்த மழைக்காலத்தைக் கடந்தே ஆக வேண்டியிருந்தது. தரைப்பாலம் மூழ்கியது. அடுத்த மழைக்குப் புதுப்பாலம் வந்துவிடும் என்று நம்பியிருந்தவர்கள் எல்லோரும், அது இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போன சேதியோடு மறுபடி கடலூரைச் சுற்றினார்கள். பாலம் ஏன் நின்றது என்ற கதை இரு கரையிலும் பரவியது. கதையில் ஒரு பெண் இருந்ததால் இன்னும் வேகமாகப் பரவியது.

ஒரு நாள் பிற்பகல், தென்கரையில் எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபோது, தரைப்பாலத்தின் முகப்பில் தடுப்பு போட்டிருந்தார்கள். காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் ஏறிவிட்டது. தடுப்பின் அருகே கொஞ்சம் பேர் ஆற்றைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் என் அத்தை, சத்துணவுப் பையோடு.

“வாடியம்மா, வா,” என்றார் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி. “எனக்குப் பாலம் கட்றேன்னியே. இப்ப நீச்சல் கத்துக் குடு, வூட்டுக்குப் போறேன்.”

பால் கேன் கட்டிய மொபெட்டில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். “இந்தப் பொண்ணுதானா பாலத்த நிறுத்துனது?”

அத்தை வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். “ஆமாங்க. நான்தான்.”

“எதுக்கும்மா நிறுத்துன? தெனம் பால எடுத்துக்கினு சுத்திப் போறது நானு. திரிஞ்சிப் போவுது. உனக்கென்ன, மாசமானா சம்பளம்.”

“தூணுக்கு அடியில ஒண்ணு உள்ள சேறா இருந்துச்சுங்க. அப்பிடியே விட்டிருந்தா அடுத்த வருசமே நீங்க மேல போயிருப்பீங்க. எந்த வெள்ளத்துல அது உக்காரும்னு என்னால சொல்ல முடியாது. அதான் நிறுத்துனேன்.”

“அதெல்லாம் உக்காராது,” என்றார் பக்கத்தில் நின்றவர். “அவன் அவன் எப்பிடியெல்லாம் கட்றான். நின்னுக்கினுதான இருக்குது?”

“நின்னுக்கினு இருக்கறவரைக்கும் நிக்கும்ங்க.”

பால்காரர் விடவில்லை. “அடுத்த வருசமும் வந்து இன்னொரு தூணுல ஓட்டைன்னு சொல்லுவ. அப்ப என்னா பண்ணுவ?”

“அப்பவும் நிறுத்துவேங்க.”

“திமிரப் பாரேன்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“திமிருதான்,” என்றார் அத்தை அந்தக் குரலைப் பார்த்து. “எங்கண்ணன் பொண்ணு வேற எப்பிடி இருப்பா?” பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சமும் இறங்காத கோபத்தோடு, “நாயம் பேசிக்கினே நிக்காத. கடலூர் பஸ்ஸு போயிடும். எங்கூட வா, எம்மாந் தூரம்னு நீயும் பாரு,” என்றார்.

போனேன். அத்தை கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். அத்தை கட்டணமில்லாச் சீட்டு இரண்டு வாங்கி ஒன்றை என் கையில் திணித்தார். பஸ் நெல்லிக்குப்பம் தாண்டியது. ஜன்னலில் சாரல் அடித்தது. பையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டார்.

“ஏண்டி, அந்தச் சேத்துத் தூணு இப்ப எங்க?”

“மண்ணுக்குள்ளதான் இருக்கு அத்தை. எடுக்க முடியாது. ஆனா அதும்மேல பாரம் எதுவும் வெக்க மாட்டோம்.”

“எவனாவது வெக்கச் சொன்னா?”

“வெக்க மாட்டேன்.”

“வெக்காத,” என்றார் அத்தை, ஜன்னலை இழுத்துச் சாத்தியபடி.